உடம்போடு கொண்டுவந்த சொத்து

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தென்கிழக்காசியத் தற்காப்புக் கலைகளைப் பயில்வது பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். தந்த நேரம் இருபது நிமிடம். நான் பெரிய பேச்சாளன் இல்லை. ஆசிரியனும் இல்லை. இங்கே ஒல்லாந்தில், எங்கள் ஊர் விளையாட்டு மண்டபத்தில், கிழமைக்கு இரண்டு நாள், பன்னிரண்டு வருடமாகப் பென்ச்சாக் சிலாட் என்ற இந்தோனேசியக் கலையைப் பழகிவருகிற ஒரு மாணவன். மகளை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டுபோய் வாங்கிலே இருந்து பார்த்துக்கொண்டிருந்த என்னை, "சும்மா இருக்கிற நேரத்துக்கு நீங்களும் வந்து நில்லுங்கோ" என்று ஆசிரியர் கூப்பிட்டார். அப்போது எனக்கு 47 வயது. மகள் இப்ப மேற்படிப்புக்கு வேறை நகரத்துக்குப் போட்டாள். நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறன்.

இதை அறிந்த பெற்றோர் என்னிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இரண்டு. முதலாவது, "சண்டைக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள், பிள்ளையளுக்கு ஏன் அண்ணை சண்டை பழக்குவான்?" இரண்டாவது, "பழக்கிறதெண்டாலும் அடுத்தவன்ரை கலையை ஏன்? எங்களிட்டை ஒண்டும் இல்லையோ?" இரண்டுமே நியாயமான கேள்விகள். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் போரிலே ஆளையோ வீட்டையோ இழக்காத குடும்பம் குறைவு. ஆகவே சிரித்துச் சமாளிக்காமல், என்னால் இயன்ற பதிலைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சிலாட் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமாத்திராவிலும் மலாய் நாட்டிலும் சிலாட் என்பார்கள். யாவாவிலே பென்ச்சாக் என்பார்கள். ஒரே கலையல்ல, ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பல கலைகள் என்று சொல்வதுதான் சரி. ஊருக்கு ஊர் வேறுபடும். சுமாத்திராவின் மினாங்கபாவு மக்களிடம் புலியைப் போல நிலத்தோடு பதுங்கி நின்று ஆடுகிற முறை உண்டு. மேற்கு யாவாவின் சிமாண்டே முறையில் நிலத்தில் இருந்தபடியே கைகளைப் பழக்குவார்கள். சுண்டா மக்கள் மேளமும், நாதஸ்வரம் போல ஊதுகிற ஒரு குழலும், கொங் என்ற மணியும் சேர்த்து அந்தத் தாளத்துக்கே அடிவைப்பார்கள். 1948ஆம் ஆண்டு, டச்சுக்காரருக்கு எதிரான விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, சுரகர்த்தா நகரில் எல்லாப் பள்ளிகளையும் ஒன்றுசேர்த்து ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். 1980இல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், புரூணை ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து சர்வதேச அமைப்பொன்றை உருவாக்கின. 2018இல் யகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிலாட் இடம்பெற்றது. 2019இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்தோனேசியாவின் பென்ச்சாக் சிலாட்டையும் மலேசியாவின் சிலாட்டையும் மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்துக்களின் பட்டியலில் ஒரே கூட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது.

இனி முதலாவது கேள்வி. வகுப்பிலே என்ன நடக்கிறது என்று சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும்.

வகுப்புத் தொடங்கும்போது எல்லோரும் வரிசையாக நின்று, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பி வணங்குவோம். எங்கள் வணக்கம் மாதிரியேதான். பிறகு ஒரு நிமிடம் கண்ணை மூடி அமைதி. இந்தோனேசியாவிலே பெரும்பாலான இடங்களில் இது இஸ்லாமியப் பிரார்த்தனையாக இருக்கும். எங்கள் வகுப்பில் ஆசிரியர், "அவரவர் தங்கட கடவுளைக் கும்பிடுங்கோ, கடவுள் இல்லையெண்டவை மூச்சைக் கவனியுங்கோ" என்று சொல்லிவிடுவார். சமயம் மாத்திப்போடுவினமோ என்று பயந்த ஒரு அம்மாவுக்காக இதைச் சொல்கிறேன். இந்துக்கள் வாழ்கிற பாலித் தீவில் 1955இல் தொடங்கப்பட்ட ஒரு பெரிய சிலாட் பள்ளியின் பெயர் பக்தி நெகாரா. அந்தப் பக்தி எங்களுக்குத் தெரிந்த பக்திதான். நெகாரா என்றால் நாடு. நகரம் என்று நாங்கள் சொல்கிற அதே வடசொல்லிலிருந்து வந்தது. ஆசிரியரையும் அவர்கள் குரு என்றுதான் அழைப்பார்கள்.

அடுத்தது நிலை. குடா-குடா என்பார்கள். குடா என்றால் குதிரை. குதிரைமேல் இருப்பவரைப் போல முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி நிற்கவேண்டும். பார்க்கிறவைக்குச் சும்மா நிக்கிற மாதிரித்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் இரண்டு நிமிடம் நின்று பாருங்கோ, தொடை நடுங்கும். அதன்பிறகு அடிவைப்பு. முக்கோணமாகவும் சதுரமாகவும் நிலத்தில் புள்ளிகளை நினைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தாலும் எந்தக் காலை எங்கே வைப்பது என்று பழகுவது. கோலம் போட்ட அம்மாமாருக்கு இது சட்டென்று பிடிபடும். அதன்பிறகு விழப் பழகுவது. நாடியை நெஞ்சோடு சேர்த்து, தோளால் உருண்டு, தலை நிலத்தில் படாமல் விழவேண்டும். எங்கட வயது ஆக்களுக்கு இதைவிடப் பிரயோசனமான பாடம் வேறை இல்லை. ஒரு மாரிகாலத்திலே பேருந்துத் தரிப்பிடத்தில் ஐஸிலே வழுக்கினேன். கால் போனதும் உடம்பு தானாகவே உருண்டது. காற்சட்டை மட்டும்தான் கிழிந்தது.

எங்கள் வகுப்பிலே புதிதாகச் சேருகிறவர் முதல் மூன்று மாதம் ஒருவரையும் அடிப்பதில்லை. நிற்க, நடக்க, விழப் பழகுகிறார். அதன்பிறகுதான் யூருஸ் என்கிற அசைவுக்கோவைகள். அதற்கும் பிறகுதான் இரண்டு பேராக நின்று, ஒருவர் கை நீட்ட மற்றவர் தடுத்துத் திருப்புவது. அதுவும் முதலில் ஆமை வேகத்தில். வேகமாக அடிக்க எவராலும் முடியும், மெதுவாக அடிப்பதுதான் கஷ்டம். அடிக்கிற கையை எதிரிலே நிற்பவரின் தோலில் படாமல் நிறுத்தப் பழகவேண்டும். கோபம் வந்துவிட்டால் வெளியே போய்த் தண்ணி குடித்துவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் வகுப்புச் சட்டம். தடி, கத்தி எல்லாம் வருடக்கணக்கில் பழகியவர்களுக்குத்தான். போட்டிகளிலும் நெஞ்சுக்கவசம் போட்டுத்தான் மோதவேண்டும். முகத்திலும் கழுத்திலும் அடிப்பது குற்றம். மோதல் வேண்டாம் என்பவர்களுக்குத் தனியாகவோ, மூவர் ஒன்றாகவோ அசைவுகளைச் செய்துகாட்டுகிற பிரிவுகளும் உண்டு. எல்லாப் பிரிவிலும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சிமாண்டே முறையிலே சேருகிறவர் சத்தியம் செய்துதான் சேரவேண்டும். பெற்றோரையும் குருவையும் எதிர்க்கமாட்டேன், சூதாடமாட்டேன், களவெடுக்கமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், தலைக்கனம் கொள்ளமாட்டேன் என்று போகும் அந்தச் சத்தியம். அடி பழக்குவதற்கு முன்னால் அடக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். போரைப் பார்த்த பெற்றோருக்கு நான் சொல்கிற பதில் இதுதான். கை ஓங்குகிற ஆசை எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. அதை ஒரு பெரியவரின் கண்ணுக்கு முன்னால், ஒழுங்குக்குள் வைத்துப் பழக்குவது, தெருவிலே தானாகப் பழக விடுவதைவிடப் பாதுகாப்பானது.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி மற்றப் பக்கத்தை மறைக்கக்கூடாது. கிழக்கு யாவாவில் மடியூன் என்றொரு நகரம். 1903இல் தொடங்கிய செத்தியா ஹாத்தி என்ற சிலாட் மரபு அங்கே வேரூன்றியது. உண்மையான நெஞ்சம் என்பது அந்தப் பெயரின் பொருள். அதன் ஒரு கிளையை 1922இல் தொடங்கியவரை டச்சு அரசு சிறையில் போட்டது. அவ்வளவு மதிப்பான மரபு. ஆனால் அதே மூலத்திலிருந்து பிரிந்த இரண்டு பள்ளிகளின் ஆதரவாளர்கள் தெருவிலே ஒருவரோடொருவர் மோதி, பொலிசார் நடுவிலே நிற்கவேண்டி வந்த சம்பவங்கள் அந்தப் பகுதியில் பல வருடங்களாக நடந்திருக்கின்றன. ஒரு சங்கம் இரண்டாகிறதும், இரண்டும் முகம் பார்க்காமல் திரியிறதும் எங்கட ஆக்களுக்கு மட்டும் உரியதெண்டு நினைக்கவேண்டாம். (சிரிப்பு) கலையின் பெயர் நல்ல பெயராக இருந்தால் மட்டும் போதாது. பிள்ளைக்கு முன்னால் நிற்கிற ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பதுதான் முக்கியம்.

ஆகவே ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சில விசயங்களைக் கவனியுங்கள். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு முழு வகுப்பையும் இருந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக்கூடாது என்று சொல்கிற இடத்தில் பிள்ளையை விடவேண்டாம். அவர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் தன்னுடைய குருவின் பெயரைச் சந்தோசமாகச் சொல்லுவார். சிறுவருக்குக் கற்பிக்கிறவரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். முதல் நாளே மோதவிடுகிற ஆசிரியர், ஒரு வருடத்தில் உயர்ந்த பட்டி தருவேன் என்கிற ஆசிரியர், கத்தி வெட்டாத உடம்பு தருவேன் என்கிற ஆசிரியர், இந்த மூன்று பேரையும் தவிர்த்துவிடுங்கள். பிறகு பிள்ளையைப் பாருங்கள். மூன்று மாதத்தில் தம்பி தங்கைச்சிக்குக் கூடுதலாக அடிக்கிறானா, குறைவாக அடிக்கிறானா? அதுதான் சரியான சோதனை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அடுத்தவன்ரை கலையை ஏன்?

இந்தக் கலை இந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? இந்தோனேசியா விடுதலை அடைந்தபோது, டச்சு இரத்தமும் உள்ளூர் இரத்தமும் கலந்த குடும்பங்கள் உட்பட மூன்று இலட்சம் பேரளவில், 1945க்கும் அறுபதுகளுக்கும் இடையில் அங்கிருந்து இங்கே வந்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் ஒல்லாந்தைக் கண்ணால் கண்டதே இல்லை. அரசாங்கம் ஒழுங்குசெய்த விடுதிகளில் ஒரு குடும்பத்துக்கு ஒன்றிரண்டு அறை. 1951இல் டச்சுப் படையிலே இருந்த மலுக்குத் தீவுச் சிப்பாய்களும் குடும்பங்களுமாக ஏறத்தாழ 12,500 பேர் கப்பல்களில் கொண்டுவரப்பட்டார்கள். வந்து இறங்கியவுடனே அவர்களைப் படையிலிருந்து நீக்கினார்கள். கொஞ்சக் காலத்தில் திரும்பிப் போகலாம் என்ற நம்பிக்கையோடு, நாசிகள் முன்பு யூதர்களை அடைத்துவைத்த வெஸ்டர்போர்க் முகாம் போன்ற இடங்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். 1985இல் தமிழருக்கென்று இந்த அரசு ஒரு தனி ஏற்பாடு வைத்தது ஞாபகம் இருக்கிறதா? படுக்கை, குளிப்பு, பாண். அந்தக் காலத்தில் இங்கே வந்திறங்கிய எங்கட ஆக்களுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்த மக்களோடு சிலாட்டும் வந்தது. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சாமான் பழுதாகும், தொலையும். இது உடம்போடு வந்த சொத்து. எங்கள் ஆசிரியரின் தகப்பனார் அப்படிக் கப்பலில் வந்தவர். பகலிலே தொழிற்சாலை வேலை. இரவிலே கதிரை மேசையை ஒதுக்கிவிட்டு, விறாந்தையிலே மகனுக்கும் மருமக்களுக்கும் கற்பித்தாராம். முதலில் குடும்பத்துக்குள் மட்டும். பிறகு பக்கத்து வீட்டு டச்சுப் பிள்ளை. பிறகு விளையாட்டு மண்டபம். இன்றைக்கு அந்த வகுப்பிலே துருக்கிப் பிள்ளை, மொரோக்கோப் பிள்ளை, சோமாலியப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லோரும் நிற்கிறார்கள். தங்கட ஆக்களுக்கு மட்டும் என்று அவர் பூட்டி வைத்திருந்தால் அந்தக் கலை அந்த விறாந்தையோடே முடிந்திருக்கும்.

மினாங்கபாவு மக்களிடம் மெரந்தாவு என்றொரு சொல் இருக்கிறது. இளைஞன் ஊரை விட்டுப் போய், வேறிடத்தில் உழைத்து, அனுபவம் பெறுவதற்கு அந்தப் பெயர். முந்திய காலத்தில் அங்கே பையன்கள் இரவிலே சூராவு என்கிற தொழுகைக் கூடத்தில் தங்கி, வேதமும் சிலாட்டும் பழகிய பிறகுதான் ஊரை விட்டு வெளிக்கிடுவார்கள். எங்களுக்கு அப்படி ஆயத்தம் செய்ய நேரம் கிடைக்கவில்லை. இரவோடிரவாக வெளிக்கிட்டோம்.

இனிச் சொல்லப்போவது கம்போடியாவின் கதை. இதைத்தான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். கெமர் மக்களின் பழைய போர்க்கலை பொக்காத்தோர். மிருகங்களின் அசைவுகளைப் பார்த்து அமைந்த கலை. 1975 ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சியில் 15 இலட்சத்துக்கும் 20 இலட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் அங்கே இறந்தார்கள். ஆடல்காரர், இசைக்கலைஞர், போர்க்கலை ஆசான்கள் எனப் பலர் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாதது போல மறைத்தார்கள். சான் கிம் சியான் என்ற ஆசான் அகதியாக அமெரிக்காவுக்குப் போனார். அங்கே அவர் கற்பித்தது என்ன தெரியுமா? கொரியர்களின் ஹப்கிடோ. பொக்காத்தோர் என்ற பெயரையே அங்கே ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அடுத்தவரின் கலையைக் கற்பித்ததால் அவர் தன்னுடையதை மறந்துபோகவில்லை. தொண்ணூறுகளில் நாட்டுக்குத் திரும்பினார். 2001 தொடக்கம் புனோம்பெனில் இளைஞர்களுக்குக் கற்பித்துக்கொண்டே, மாகாணம் மாகாணமாகப் போய், எஞ்சியிருந்த ஆசான்களைத் தேடினார். கிடைத்தவர்கள் அறுபதுக்கும் தொண்ணூறுக்கும் இடைப்பட்ட வயதுக்காரர். வெளிப்படையாகக் கற்பிக்கப் பலர் பயந்தார்கள். அவர்களைக் கெஞ்சி மன்றாடி வெளியே கொண்டுவந்தார். 2006இல் முதலாவது தேசியப் போட்டி நடந்தது. 2022இல் யுனெஸ்கோ பொக்காத்தோரைத் தன் பட்டியலில் சேர்த்தது.

இன்னும் பத்து வருடம் பிந்தியிருந்தால் அவர் யாரைத் தேடிப் போயிருப்பார்?

இப்போது எங்களிடம் வருகிறேன். எங்களிட்டை ஒண்டும் இல்லையோ என்று கேட்டீர்கள். இருக்கிறது. வடக்கிலே சிலம்படி, வாள்வீச்சு, தீப்பந்தம். கிழக்கிலே சீனடி, சிலம்படி. கோயில் திருவிழாவிலும் ஊர்வலத்திலும் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர். பழகியவர்களும் சிலர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு ஐயா, பெயர் சொன்னால் கோவிப்பார், மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பிறந்தநாள் விழாவிலே தும்புத்தடியை எடுத்துச் சுழற்றிக் காட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். "ஐயா, பழக்கிவிடுங்கோவன்" என்று கேட்டேன். "உதை இஞ்சை ஆர் தம்பி கேக்கிறாங்கள்?" என்றார். அவருக்கு இப்போது 78 வயது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். அடுத்தவரின் கலையைப் பழகுவது எங்கள் கலைக்கு எதிரானது அல்ல. ஒரு கலையை எப்படிப் படிப்படியாகக் கற்பிப்பது, குளிரிலும் மழையிலும் ஒரு வகுப்பை எப்படி விடாமல் நடத்துவது என்பதை இந்த மக்களிடமிருந்துதான் நான் கற்றேன். எங்களிடம் தடி இருக்கிறது, ஐயாமார் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். இல்லாதது செவ்வாய்க்கிழமை ஏழரை மணி. அதாவது, ஒவ்வொரு கிழமையும் தவறாமல் திறக்கப்படுகிற ஒரு மண்டபமும், ஒரே நேரத்துக்கு வந்து நிற்கிற ஒரு ஆளும். கலைவிழாவுக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் அவசரமாக ஒத்திகை பார்த்து மேடையேற்றுவது அந்த இடத்தை நிரப்பாது.

செயற்குழுவோடு கதைத்திருக்கிறேன். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் மண்டபம் தரச் சம்மதித்திருக்கிறார்கள். எங்கள் சிலாட் ஆசிரியர் முதல் ஆறு கிழமையும் வந்து, நிற்கவும் அடிவைக்கவும் விழவும் பழக்கித் தருவார். காசு வேண்டாம் என்றார், மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். அதன்பிறகு தடியோடு வந்து நிற்பதற்கு ஐயாமாரில் இரண்டு பேர் வேண்டும். முழங்கால் நோ இருந்தால் கதிரையில் இருந்தே சொல்லித் தரலாம். இளையோரே, இப்ப உங்கள் கைத்தொலைபேசிக்கும் வேலை வருகிறது. ஐயாமார் காட்டுகிற ஒவ்வொரு வீச்சையும் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மெதுவாகப் படம் பிடித்து, எந்த ஊரில் யாரிடம் பழகியது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துச் சேர்த்துவைக்கவேண்டும்.

தேநீர் மேசைக்குப் பக்கத்திலே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் பெயரை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மற்றப் பக்கம் பெரியவர்களுக்கு. தானாக எழுத வெட்கப்படுகிற ஐயாவின் பெயரை அவருடைய பேரப்பிள்ளை எழுதலாம்.